இந்த வருடம் நிறைய மொட்டு

நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகும் சப்பாத்து காயவில்லை. செய்ய வேண்டியவை: தரம் 9 விடைத்தாள், குசினிக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கான் துப்புரவு, கராம்பு மரத்துக்கு இன்னொரு கூடை எரு.

கராம்பு இந்த வருடம் மொட்டாகத் தள்ளியிருக்கிறது. இவ்வளவு ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் உச்சி இலை மஞ்சள். தினமும் ஒரு கூடை உதிர்கிறது. பூக்கிற மரம் ஏன் இலையைக் கொட்ட வேண்டும்? விளங்கவில்லை. விஞ்ஞான மாஸ்டர் என்று பெயர் மட்டும்.

உமாவுக்கு மொட்டு கண்ணில் படவில்லை. மேட்டையே பார்க்கிறாள். மேட்டின் மேல் மரம், மேட்டுக்குக் கீழே அவள் சமைக்கிற குசினி.

"மழ கூடுதுங்க. யட்டவத்தைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருவோமா? மழக்காலம் முடிஞ்சதும் வந்துக்கலாம்."

"அந்த மரத்து வேர் இருக்கிற வரைக்கும் மேடு அசையாது. எப்படிப் பூத்திருக்குன்னு பாரு. வேர் நல்லா இல்லாமலா?" என்றேன்.

நம்பிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன் சொன்னால் நம்பத்தானே செய்வாள்.

நவம்பர் 6, புதன்

மழை. குடை எங்கேயோ விட்டுவிட்டேன், பஸ்ஸிலா, ஆசிரியர் அறையிலா?

தரம் 9க்கு, தாவரங்களில் கடத்தல். காழ் வழியே தண்ணீர் மேலே. உரியம் வழியே இலை சமைத்த உணவு கீழே. கரும்பலகையில் மரம் கீறி இரண்டு அம்புக்குறி போட்டேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழும்பினாள்.

"சேர், பம்ப் இல்லாம தண்ணி எப்படி அவ்வளவு ஒசரம் ஏறுது?"

இலையிலிருந்து நீராவி வெளியே போகும்போது கீழே உள்ள தண்ணீரை இழுக்கும் என்றேன்.

"அப்ப எல கொட்டிப்போனா?"

மணி அடித்தது. நல்ல வேளை.

பி.ப. மரத்தடியைக் கிண்டினேன். மண் இறுகிவிட்டதா? இல்லை, பொலபொலவென்று இருக்கிறது, மண்புழுவும் உண்டு. தண்ணீர் தேங்குகிறதா? சரிவில் எங்கே தேங்கும். சத்துக் குறைவா? போன மாதம்தான் மாட்டெரு போட்டேன், சாம்பலும் போட்டேன். நாலாவது காரணம் யோசித்தேன், வரவில்லை.

சிறு வேர் தேடினேன். வெள்ளையாக ஒன்றும் அகப்படவில்லை. இழுத்தால் தோல் கழன்று கையோடு வருகிறது, உள்ளே கறுப்பு. ஈரமும் இருக்கிறது, எருவும் இருக்கிறது. அப்புறம் வேருக்கு என்ன கேடு? தலைவலி. பனடோல் ஒன்று.

நவம்பர் 7, வியாழன்

விடாத மழை. உமா கூப்பிட்டுக் காட்டினாள். குசினிச் சுவருக்கு நேர் மேலே, மேட்டில் வெடிப்பு. சுண்டுவிரல் போகும்.

"இது நேத்து இருந்துச்சா?"

"இருந்திருக்கும்" என்றேன். இருந்ததா? எனக்கு எப்படித் தெரியும். அவள் இரண்டாம் முறை கேட்டதும் எரிந்து விழுந்தேன். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. பசியும்.

நவம்பர் 9, சனி

கொஞ்சம் வெயில். இரத்தோட்டையிலிருந்து நிஸ்தார் நானா வந்தார். வருடா வருடம் அவருடைய ஆட்கள்தான் நம் மரத்தில் ஏறிக் கராம்பு பறிப்பது. மொட்டைப் பார்த்ததும் மாஷா அல்லாஹ் என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

நெஞ்சளவு உயரத்தில் பட்டை வளையமாக வீங்கியிருக்கும். தினமும் பார்க்கிறதுதான். ஏதோ முடிச்சு என்று விட்டிருந்தேன். நானா கத்தியால் அதைக் கீறினார். கத்தி கம்பியில் பட்டு ணங்கென்றது.

"மாஸ்டர், இத யாரு கட்டின?"

நான்தான். முன்னொரு பெருங்காற்றில் மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்தபோது, கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, குறட்டால் முறுக்கி, மேலே பலா மரத்தோடு இழுத்துக் கட்டினேன். வீட்டைக் காப்பாற்றினேன் என்று பெருமை வேறு. பலாப் பக்கம் எப்போதோ துருப்பிடித்து அறுந்தது. இந்தப் பக்கத்தை அவிழ்க்க நினைக்கவேயில்லை. பட்டை அதை விழுங்கிவிட்டது.

வளையத்துக்கு மேலே கீறினால் பச்சை, ஈரம். கீழே தவிட்டு நிறம்.

"சாகப் போற மரந்தான் மாஸ்டர் இப்பிடிப் பூக்கிற. நான் இதுல ஆள் ஏத்த மாட்டேன்."

உள்கட்டை வழியே தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நாளும் இலை பச்சையாக இருந்தது. பட்டை வழியே இறங்க வேண்டிய உணவு கம்பியோடு நின்றுவிட்டது. மேலே தேங்கியதெல்லாம் மொட்டு. கீழே வேருக்கு ஒன்றும் இல்லை; வேர் சாக, தண்ணீர் குறைந்து இலையும் கொட்டுகிறது. புதன்கிழமை நானே கீறிய படம்! அந்த இரண்டாவது அம்புக்குறியைத்தான் நான் முறுக்கிக் கட்டியிருக்கிறேன். எத்தனை வருடமாக இந்தப் பாடம் எடுக்கிறேன்? எவனுக்கு எடுத்தேன்?

கம்பியை வெட்டி எடுத்தோம். இனிப் பிழைக்குமா என்று கேட்டேன். நானா கையை விரித்தார். உமா பிளேன்டீ கொண்டுவந்தாள். நான் கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளிடம் மழையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார்.

நவம்பர் 10, ஞாயிறு

திரும்பவும் மழை, காலையிலேயே இருட்டு. வெடிப்பில் இப்போது இரண்டு விரல் போகிறது.

சொல்லிவிட்டேன். குசினியில் நின்றபடியே எல்லாம்: கம்பி, பட்டை, செத்த வேர். மொட்டைக் காட்டி அவளை இங்கே இருத்தி வைத்தது என் தப்பு என்பதையும். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம்.

ஜன்னல் வழியே மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அது எத்தன நாளா சாப்பாடு இல்லாம நம்மளப் புடிச்சிக்கிட்டு நிக்குது?"

அடுப்பை அணைத்தாள். உடுப்பு எடுக்க உள்ளே போய்விட்டாள். யட்டவத்தைக்குப் போக த்ரீவீலுக்குச் சொல்லியாயிற்று, பத்து நிமிடத்தில் வந்துவிடும்.