சேர்மன் வீட்டு ஆளுங்க

மார்கழி 20, சனி

பனி. கூரையிலிருந்து சொட்டுகிறது. விறகு ஈரம், அடுப்பு பற்றவே இல்லை.

கவுன்சிலர் ஆனதே இன்னும் உடம்பில் ஒட்டவில்லை. அதற்குள் இன்று ஒன்றியக் குழுத் தலைவர். நான்! கன்னியம்மா, இருளர் தெரு, வாய்க்கால் புறம்போக்கு. போன வருஷம் வரை எங்கள் பிள்ளைகளின் சாதிச் சான்றுக்காகத் தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் தவம் கிடந்தவள். சாயங்காலம் ஆனால் அரிக்கேன் வைத்து அதே பிள்ளைகளுக்கு அ, ஆ.

நடந்தது இது. தலைவர் பதவி பெண்ணுக்கு. கட்சியில் இரண்டு பெரிய வீட்டு அம்மாக்கள் போட்டி. ஒருவர் மேலத்தெரு ராமலிங்கம் ஐயாவின் சம்சாரம். அவருக்குக் கிடைக்க இவர் விடவில்லை, இவருக்குக் கிடைக்க அவர் விடவில்லை. கடைசியில் ராமலிங்கம் ஐயாவே எழுந்து, "ரெண்டு பேரும் வேணாம்ப்பா. நம்ம கன்னியம்மாவை வெச்சிடுவோம். சொன்ன பேச்சு கேக்கற புள்ள" என்றார். கைதட்டல். 

ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இந்தக் கூத்தாடிக்குக் கட்டிக்கொண்டு போக ஒரு நல்ல புடவை இல்லை.

மார்கழி 21, ஞாயிறு

செய்ய வேண்டியவை:
- அண்ணியிடம் பச்சைப் புடவை கேட்க
- கையெழுத்துப் பழக (பெயர் நீளம், கோணிக்கொண்டு போகிறது)
- திருப்பூருக்குப் போன், வேலைக்குப் போயிருக்கிற வீட்டுக்காரரிடம் சொல்ல. நம்பமாட்டார்
- தெருவுக்குப் பட்டா. முதல் வேலை

அண்ணி புடவையைத் தானே கட்டிவிட்டாள். மடிப்பை இழுத்து இழுத்து. "குனிஞ்சி நடக்காத. நீ குனிஞ்சா நாங்க குனிஞ்ச மாதிரி." பேச்சைப் பார்.

மார்கழி 24, புதன்

ஒன்றிய ஆபீசில் என் நாற்காலியில் பூத்துண்டு விரித்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் உள்ளே போகிறது. துணைத் தலைவர் பதவி ராமலிங்கம் ஐயாவின் சம்சாரத்துக்கு. ஆனால் பக்கத்து நாற்காலியில் உட்கார்வது ஐயா. அந்த அம்மா பின்னால் ஸ்டூலில். பி.டி.ஓ. உட்பட யாருக்கும் இது வித்தியாசமாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் ஏழுமலை மூலையில். எலி பிடிக்கிற கிட்டிகளெல்லாம் சுவரில் அப்படியே தொங்குகின்றன. சம்பா பால் பிடிக்கிற நேரம், எலி கதிரை நறுக்குகிற நேரம். வருஷா வருஷம் இந்நேரத்துக்கு வயல்காரர்கள் ரோட்டில் நின்று கத்துவார்கள், "ஏய் ஏழுமல, கிட்டி எடுத்துக்கிட்டு வா!" தெருவுக்குள் வரமாட்டார்கள், ஆனால் கூப்பிடுவார்கள். கூலி உண்டு. பிடித்த எலி நமக்கு. எலி வளையை வெட்டி எடுக்கிற நெல்லும் நமக்கு. தை வரைக்கும் எங்கள் தெருவின் சோறு அதுதான்.

இந்த வருஷம் ஒரு குரலும் இல்லை. அண்ணனே போய்க் கேட்டிருக்கிறான். ராமலிங்கம் ஐயா சொன்னாராம்: "சேர்மன் அண்ணன நான் எப்படிப்பா எலி புடிக்கக் கூப்புடறது? மரியாதையா இருக்குமா?"

மற்ற வீடுகளிலும் இதே பதில். எல்லோரும் சிரித்த முகமாகச் சொன்னார்களாம்.  வைதிருந்தால் திருப்பி வையலாம். மரியாதையை என்ன செய்வது?

மார்கழி 27, சனி

தெருவில் யாரும் சரியாகப் பேசுவதில்லை. குழாயடியில் நான் போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்கிறார்கள். அண்ணி மட்டும் முகத்துக்கு நேரே, "நீ நாக்காலில ஒக்காந்த, எங்க சட்டி கவுந்துடுச்சி" என்றாள். சொல்லிவிட்டு அவளே என் தலையில் எண்ணெய் வைத்தாள்.

அண்ணன்: "எறங்கிடு கன்னி. முடியலன்னு எழுதிக் குடுத்துடு. அவங்க பழையபடி கூப்புடுவாங்க."

 பட்டா மனு இப்போதுதான் மேஜைக்கு வந்திருக்கிறது. இறங்கினால் அது மறுபடி வேப்பமரத்தடிக்குத்தான் போகும்.

ராமலிங்கம் ஐயா வீட்டுக்குப் போனேன். "ஒக்காருங்கம்மா." நாற்காலி! அந்த வீட்டு வாசலைத் தாண்டியதே முதல் தடவை. டம்ளரில் காபி. அண்ணனைக் கூப்பிடச் சொன்னேன். "பாக்கறேம்மா. எலி வெவகாரம்லாம் நீங்க வாயால சொல்லாதீங்க. ஒங்க பதவிக்கு நல்லால்ல." காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மார்கழி 29, திங்கள்

திருவாரூரில் தலைவர்களுக்குப் பயிற்சி. மதியம் போன். அண்ணன். "அவ வாந்தி எடுக்கறா. நிக்கல." அவ்வளவுதான் சொன்னான்.

பெரியாஸ்பத்திரி. அண்ணியின் வாயிலிருந்து அழுகின பூண்டு மாதிரி வாடை. டாக்டர் முகர்ந்ததுமே, "எலி மருந்து. எப்படி உள்ள போச்சு?"

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னது: யாரும் கூப்பிடாமலே கிட்டியை எடுத்துக்கொண்டு ராமலிங்கம் ஐயா வயலுக்குப் போயிருக்கிறான். கிட்டி வைக்கவே வேண்டியிருக்கவில்லை. எலி வரப்பிலேயே செத்துக் கிடந்ததாம். "துள்ளாத எலிய நம்ம தொடமாட்டோம். எனக்குத் தெரியாதா? புள்ளைங்க மூஞ்சியப் பாத்துட்டு எடுத்துட்டேன்." அண்ணிக்கும் சந்தேகம். வதக்கி, பிள்ளைகளைத் தட்டைத் தொடவிடாமல், "மொதல்ல நான் துன்னுட்டு பாக்கறேன், இருங்க" என்றாளாம்.

பிள்ளைகள் சாப்பிடவில்லை.

 பிறகு எழுதுகிறேன்.

தை 1, செவ்வாய்

அண்ணி போய்விட்டாள். காலையில். வெளியே எங்கேயோ பொங்கலோ பொங்கல்.

தை 3, வியாழன்

அடக்கம் நேற்று. பச்சைப் புடவையைப் போர்த்தினோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணியைக் கொண்டுவந்த வண்டி நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றது. ஒரு சரக்கு ரயில், அது போனதும் இன்னொன்று. நான் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அண்ணி இல்லை என்பதே தோன்றவில்லை.

எப்போதும் மருந்து வைத்தால் ரோட்டில் நின்று சத்தம் போடுவார்கள்: "மருந்து வெச்சிருக்கு, யாரும் எலி எடுக்காதீங்க!" எனக்கு நினைவு தெரிந்த நாளாக உள்ள வழக்கம். எங்களை எவ்வளவு கேவலமாக நடத்தியவர்களும் இதை மட்டும் விட்டதில்லை. இந்தத் தடவை ஏன் இல்லை?

நேரே போய்க் கேட்டேன். ராமலிங்கம் ஐயா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "சத்தியமா தெரியாதும்மா. சேர்மன் வீட்டு ஆளுங்க இன்னமும் எலி துன்னுவாங்கன்னு யாரு நெனச்சா? அத ரோட்டுல நின்னு கத்துனா ஒங்களுக்கு அவமானம். அதனாலதாம்மா கத்த வேணாம்னேன்."

அழுதார். நடிப்பில்லை, எனக்குத் தெரியும். அதைத்தான் தாங்க முடியவில்லை. கொல்ல நினைத்துச் செய்திருந்தால் கழுத்தைப் பிடித்திருப்பேன். என்னைப் பெரிய மனுஷி ஆக்கிவிட்டு, என் வீட்டில் என்ன கொதிக்கிறது என்று ஒரு ஆளும் கேட்கவில்லை.

அண்ணன் இப்போது இறங்கு என்றும் சொல்வதில்லை, இரு என்றும் சொல்வதில்லை. பேசுவதே இல்லை.

தை 9, புதன்

ஒன்றியக் குழுக் கூட்டம். வெயில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வயலில் அறுவடை மெஷின் சத்தம், ஜன்னலைச் சாத்தினார்கள். ராஜினாமா எழுதி மடித்து இடுப்பில் வைத்திருந்தேன். கொடுப்பதா வேண்டாமா, உள்ளே நுழையும்வரை தெரியாது.

முதல் பொருள் இரங்கல். பி.டி.ஓ. எழுந்து படித்தார்: "தலைவர் அவர்களின் அண்ணியார் உடல்நலக் குறைவால் காலமானதற்கு..."

உடல்நலக் குறைவா! மேஜை மணியை அடித்துவிட்டேன். பலமாக. தண்ணீர் டம்ளர் உருண்டது.

"அடிச்சிட்டு வேற எழுதுங்க. மருந்து வெச்ச எலியத் துன்னு செத்தா."

"அம்மா..." ராமலிங்கம் ஐயா. "பத்திரிகைக்காரங்க இருக்காங்க. வேணாம்மா."

பி.டி.ஓ. நல்ல மனுஷன், மெதுவாகக் குனிந்து, "உணவு ஒவ்வாமைன்னு போட்டுக்கலாமா?"

"வேணாம் சார். கூடவே ஒரு தீர்மானம். ஒன்றியத்துல யாரு வயல்ல மருந்து வெச்சாலும் முதல் நாளே எங்க தெருவுக்குள்ள வந்து சொல்லணும். ரோட்டுல நின்னு இல்ல, உள்ள வந்து."

"சரிம்மா. காரணம்னு ஒண்ணு எழுதணுமே?"

"தலைவர் வீட்டு ஆளுங்க எலி துன்னறவங்க. தலைவரும் துன்னறவதான். எழுதுங்க."

பேனா நின்றது.  ஒரு கவுன்சிலர் தரையைப் பார்த்தார், இன்னொருவர் செல்போனை. முகம் எனக்கும் தீயாக எரிந்தது, பொய் சொல்லமாட்டேன். கதவோரம் அண்ணன். எப்போது வந்தான் தெரியாது.

எழுதினார். விதிப்படி படித்துக் காட்டினார், ஆபீஸ் தமிழில். "தலைவர் அவர்களும் அவர்தம் குடும்பத்தாரும்" வரைக்கும் குரல் நன்றாக வந்தது. அதற்குமேல் முணுமுணுப்பு.

"கேக்கல" என்றது கதவோரத்திலிருந்து அண்ணன் குரல். ஒன்பது நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை.

"சத்தமா படிங்க சார்" என்றேன்.