முத்திரை குத்தாத டிக்கெட்

ஃபவுஸ்தோ,

நீ எழுந்திருக்கும்போது நான் ஸ்டேஷன்ல இருப்பேன். காப்பி அடுப்புமேல தயாரா இருக்கு, பத்த வச்சா போதும்.

போன ஞாயித்துக்கிழமை ரயில் டிக்கெட்ல முத்திரை குத்த மறந்தது நீ. பரிசோதகர் வந்து அபராதம் கேட்டதும், "அதெல்லாம் என் பொண்டாட்டி வேலை"ன்னு என்னைக் கை காட்டினே. பெட்டியே என்னைத் திரும்பிப் பாத்துச்சு. ரோமுக்குத் திரும்பி வர்ற வரைக்கும் நீ ஜன்னலையே பாத்துட்டு வந்தே.

இன்னிக்கு ஓர்வியேத்தோவுக்கு ஒன்பது மணி வண்டி. உன் டிக்கெட் சக்கரை டப்பாவுக்கு அடியில இருக்கு. ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்பாரத்து மெஷின்ல நீயே குத்திக்கோ.

ஒர்நெல்லா

சாவியைக் கீழ்வீட்டு ஐதாகிட்ட குடு, பூனைக்குச் சோறு வைப்பா.

ரொட்டி ரெண்டு பேருக்கும் கட்டியிருக்கேன். ரெண்டு பொட்டலமும் என்கிட்டதான்.

மூணாவது பெட்டி. பக்கத்து சீட்ல என் பையை வச்சிருப்பேன். வண்டி நகர்ந்துட்டா, யார் கேட்டாலும் அந்த இடத்தைக் குடுத்துடுவேன்.