கால் முதலில் வந்தவள்

சாத்தூர்,
29-1-1959

பிரியமுள்ள ஜெயசீலிக்கு,

கர்த்தர் உன்னையும் உன் விடுதியையும் காத்து வருவாராக. இங்கே நானும் உன் மகளும் சுகம். இரண்டு பேரில் அதிகச் சுகமாக இருப்பது அவள்தான். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அவசரப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் வைத்தே பிரித்துவிட்டேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் கண்ணைத் துடைக்க வேண்டியதாகப் போயிற்று. சாக்பீஸ் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பெற்ற பிள்ளையின் முதல் அடியைக்கூடப் பார்க்கக் கொடுத்து வைக்காதவளுக்கு மருத்துவச்சிப் படிப்பு எதற்கு, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஆறு மாதம் முடித்துவிட்டாய். இன்னும் ஆறே மாதம். தயவுசெய்து பெட்டியில் கை வைக்காதே. இசபெல் இன்னும் நடக்கவில்லை. தரையில் தானாக ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. பிப்ரவரி இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு ஒரு வயது. அன்று நீ லீவில் வந்து நிற்கும்போது உன் கண் முன்னால்தான் வைப்பாள். ஒரு வாத்தியார் சொல்கிறேன், நம்பு.

மற்றபடி அவளுடைய கெட்டிக்காரத்தனத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று பல் வந்துவிட்டது. அவித்த பனங்கிழங்கைக் கையில் கொடுத்தால் அரை மணி நேரம் வீட்டில் சத்தமே இல்லை. திட்டாதே, நாரை உரித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். உன் போட்டோவைக் காட்டினால் "ம்மா" என்கிறாள். பக்கத்து வீட்டுப் பசுமாட்டையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கூட நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்வது அந்தப் பசுமாட்டுக்காரி சுப்புத்தாய்தான். அவள் தீப்பெட்டிக் கம்பெனிக்காக வீட்டில் உட்கார்ந்து சட்டத்தில் குச்சி அடுக்குகிறாள் அல்லவா, விடிந்ததிலிருந்து சம்மணம் போட்டே இருந்ததில் போன மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது. கால் முதலில் வந்த பிள்ளை மிதித்தால் பிடிப்பு ஓடிப்போகுமாம், இசபெலை மிதிக்க விடுங்கள் என்றாள். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் பொறுமையாக விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் அவள் பாயில் குப்புறப் படுத்துவிட்டாள். பிள்ளையின் இரண்டு கையிலும் என் விரலைக் கொடுத்து முதுகில் ஏற்றினேன். நாலு மிதி. மறுநாள் சுப்புத்தாய் ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் வேண்டுமென்றே இரண்டு தடவை போய் வந்தாள்.

அதோடு விட்டதா? இப்போது தினமும் சாயங்காலம் குச்சி அடுக்கும் பெண்கள் ஐந்தாறு பேர் நம் வாசலில் வரிசையாகப் படுத்துவிடுகிறார்கள். உன் மகள் ஒரு முதுகிலிருந்து அடுத்த முதுகுக்கு மகாராணி மாதிரி போகிறாள். ஆரம்பத்தில் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், இப்போது தட்டி விடுகிறாள். போதகர் காதுக்கு எட்டினால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். போன வாரம் போதகரம்மாவே வந்து படுத்து, மிதி வாங்கிக்கொண்டு போனார்கள். பயம் விட்டது.

நேற்று என் செருப்பைக் காணோம் என்று வீடெல்லாம் தேடுகிறேன். வாசலில் கிடந்ததை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, அடுப்படிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். என்ன புத்தி பார்! முழங்காலில் இருந்த கறுப்பெல்லாம் போய் வெளுத்துவிட்டது. நான் தேய்க்கிற எண்ணெய் அப்படி.

எனக்குத்தான் இடுப்பு வலி. தெருவெல்லாம் குச்சித் துண்டு கிடக்கிறது, காலில் குத்திவிடும் என்று வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவளைத் தூக்கியே வைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை பகல் முழுக்கக் கீழே விடவில்லை. "பிள்ளைய எம்புட்டு நேரந்தான் இடுக்கிக்கிட்டே திரிவீக? இறக்கி விடுங்க வாத்தியாரையா, காலு தவிக்குதுல்லா" என்று சுப்புத்தாய் சத்தம் போடுகிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

அவளுடைய நாத்தனார் ஏழாயிரம்பண்ணையில் வெடிக் கம்பெனிக்குப் போகிறாளே, அவள் முழுகாமல் இருக்கிறாளாம். ஆகஸ்டில் ஆகுமாம். முதல் இரண்டும் தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். "எங்க நர்சம்மா அதுக்குள்ள வந்துருவாகளா?" என்று போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து என்னிடம் கேட்டாள். ஜூலையோடு படிப்பு முடிகிறது, வந்துவிடுவாள் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இசபெல் கால் முதலில் வந்த அன்று நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே நீ அந்த வலியிலும், பேறு பார்க்க வந்தவளுக்கு எங்கே கை வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. பெற்றவளும் நீ, பேறு பார்த்தவளும் நீ. இதை முறையாகப் படிக்காமல் விடமாட்டேன் என்று ஆறாம் நாளே சொன்னாய். அந்த ஜெயசீலியைத்தான் நான் சென்னைக்கு ரயில் ஏற்றினேன். பாதியில் பெட்டியோடு திரும்பி வருகிறவள் யாரென்று எனக்குத் தெரியாது. லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு.

உன்னை நினைத்துப் பெருமைப்படுகிற,
தேவாசீர்வாதம்


சென்னை,
5-2-1959

பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்களுக்கும் நம் கண்மணிக்கும் ஆண்டவர் நிறைந்த சுகத்தைத் தருவாராக. நான் நலம். விடுதிச் சாம்பாரும் அதே தண்ணீரோடு நலம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்துச் சிரித்துப் பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் கூடிவிட்டார்கள். இரண்டாம் தடவை கையில் பென்சிலை எடுத்துக்கொண்டேன். அத்தான், பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடிக்கிற வாத்தியாருக்குப் பொய் சொல்ல வரவில்லையே. இரண்டு கையிலும் செருப்பு இருந்தால், பிள்ளை எதை ஊன்றித் தவழ்ந்தது? வாசலிலிருந்து அடுப்படிக்கு ஒரு வயதுப் பிள்ளைக்கு இருபது அடியாவது இருக்கும், அந்த வீட்டைத் தினமும் பெருக்கியவள் நான். முழங்கால் எண்ணெயால் வெளுக்காது, தவழ்வதை நிறுத்தினால்தான் வெளுக்கும். தெரு முதுகெல்லாம் விரலைப் பிடிக்காமல் நடக்கிறவள் தரையில் மட்டும் நடக்க மாட்டாளாம்.

மூன்றாம் தடவை படித்தபோது அழுதுவிட்டேன். குச்சி குத்தும் என்பதற்காக நீங்கள் தூக்கி வைத்திருக்கவில்லை. நான் வருவதற்குள் அவள் நடந்துவிடக் கூடாது என்று தூக்கி வைத்திருக்கிறீர்கள். இடுப்பு ஒடிய, சுப்புத்தாயிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, எனக்காக ஒரு முதல் அடியைப் பத்திரப்படுத்தி வைக்கப் பார்த்தீர்கள். எந்த ஊரில் எந்த ஆண்பிள்ளை இப்படிச் செய்வான்? இங்கே கூட இருக்கிறவர்களிடம் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. எனக்கு அவ்வளவு கர்வமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வார்டில் ஒரு பிரசவம். பிள்ளை தலைக்குப் பதிலாக இடுப்பை முன்னால் கொடுத்து, பிறகு காலைக் கொடுத்து வந்தது. மூத்த சிஸ்டர் என்னையே பேறு பார்க்கச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள். அந்தச் சின்னக் காலைக் கண்டதும் பிடித்து இழுக்கத்தான் கை பரபரக்கும். இழுக்கக் கூடாது. கையை எடுத்துவிட்டு, அதுவாக வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். அதற்குத்தான் தைரியம் வேண்டும், அதுதான் பாடமே. காத்திருந்தேன். பெண் பிள்ளை. அது அழுததும் நானும் அழுதேன், சிஸ்டர் திட்டினார்கள். அறைக்கு வந்து பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஏழாயிரம்பண்ணைக்காரியிடம் ஆகஸ்டில் நான் இருப்பேன் என்று சொல்லுங்கள்.

இனி சொல்வதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். இருபத்திரண்டாம் தேதிக்கு லீவு இல்லை. மறுநாள் பரீட்சை. ஈஸ்டருக்குத்தான் விடுவார்கள். பிறந்தநாளுக்குத் தைத்த வெள்ளைக் கவுனை அங்கே வீட்டில் இருக்கும் என் பெரிய பெட்டியில் மேலாக வைத்திருக்கிறேன், கை சிறுத்திருந்தால் சுப்புத்தாயிடம் தையலைப் பிரித்து விடச் சொல்லுங்கள். கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்க அவளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். காணிக்கை உறையை அவள் கையிலேயே கொடுத்து நடக்க விடுங்கள். விழுந்தால் எழுந்துகொள்வாள். போதகரம்மாவுக்கு அந்தக் காலின் அருமை தெரியும்.

உலகத்துக்குக் காலைத்தான் முதலில் கொடுத்தவள். அந்தக் காலை எனக்காகப் பிடித்து வைக்காதீர்கள் அத்தான். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அவளை இறக்கி விடுங்கள்.

ஈஸ்டருக்கு ரயில் சாத்தூரில் வந்து நிற்கும்போதும் "அம்மா பார், அம்மா பார்" என்று அவளை என் கையில் திணிக்க வேண்டாம். பிளாட்பாரத்தில் நிறுத்தி, உங்கள் விரலையும் எடுத்துவிடுங்கள். நான் கொஞ்சம் தள்ளி, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்திருப்பேன். மாட்டைக் கூப்பிட்ட வாயால் என்னையும் கூப்பிட்டால் அது ஆண்டவர் தருவது. யாரோ என்று பயந்து உங்கள் பக்கமே திரும்பி ஓடினாலும் சரி. என் பிள்ளை ஓடுவதை நான் கண்ணால் பார்த்துவிடுவேன்.

அவளுடைய இரண்டு உள்ளங்காலுக்கும் என் முத்தம். உங்கள் இடுப்புக்கு அவளையே மிதிக்கச் சொல்லுங்கள். இதை நர்ஸ் சொல்லவில்லை.

உங்கள்,
ஜெயசீலி