ஐந்து கிணறுகளுக்கும் ஒரே தண்ணீர்

மார்ச் 4
எண்ணெய்க் கிணறு தோண்ட அனுமதி கொடுத்துவிட்டார்கள். அண்ணனின் நாற்றுப் பண்ணைப் பின்சுவரை ஒட்டி ஐந்து இடங்கள். ஐந்துக்கும் தனித்தனி விண்ணப்பம். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னது, முழுச் சுற்றுச்சூழல் ஆய்வு தேவையில்லையாம். நிலத்தடி நீர் படித்தவன் நான். கீழே இருப்பது ஒரே தண்ணீர். இதுகூடவா தெரியாது?

அண்ணன், "தண்ணி கெட்டா செடி இல்ல. வித்துட்டுப் போக வேண்டியதுதான்" என்றான்.

மார்ச் 19
அனுமதியை எதிர்த்து நாங்கள் போடும் வழக்கை எடுத்துக்கொண்ட வக்கீலம்மா என் நாற்பது பக்க அறிக்கையைப் பார்த்துச் சிரித்தார். "உன் கணக்கு சரியாத்தான் இருக்கும் தம்பி. நீதிபதி என்ன, பரீட்சை பேப்பர் திருத்தவா உக்காந்திருக்கார்?"

ஏப்ரல் 2
கோபம். மனுவில் நான் "தண்ணீர் கண்டிப்பாகக் கெடும்" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, "கெட வாய்ப்புண்டு, ஐந்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அனுமதி அலுவலகம் ஆராயவில்லை" என்று போட்டிருக்கிறார் வக்கீலம்மா. இது என்ன வழவழா கொழகொழா? கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை.

"கண்டிப்பான்னு சொன்னா நீ நிரூபிக்கணும். பாக்கலன்னு சொன்னா அவங்க பதில் சொல்லணும். எது சுலபம்?"

கையெழுத்துப் போட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

ஏப்ரல் 3
அண்ணி: "உனக்கு உன் வாய்தான் எதிரி. அந்தம்மாவுக்கு போன் போடு." போடவில்லை.

ஜூன் 11
விசாரணை. நிறுவனத்தின் வக்கீல் எழுந்ததுமே, "தண்ணீர் கெடும் என்று இவர்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?" என்றார். என் பழைய வரி இருந்திருந்தால் — நிபுணர்களைக் கூட்டி வந்து கிழித்திருப்பார்கள்.

வக்கீலம்மா நிதானமாக, "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே. பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறோம்" என்றார். நீதிபதி அனுமதி அலுவலகத்தின் வக்கீலைப் பார்த்தார். "ஐந்தையும் சேர்த்துப் பார்த்ததற்கு ஒரு தாளாவது இருக்கிறதா?"

அவர் கோப்பைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

ஜூலை 8
அனுமதி ரத்து! வேண்டுமென்றால் ஐந்தையும் ஒன்றாக வைத்து முழு ஆய்வு செய்து, மக்கள் கருத்தும் கேட்டு, மறுபடி வரட்டும். இது தடை இல்லை, தெரியும். வருவார்கள்.

வக்கீலம்மாவிடம் நன்றி சொன்னேன். கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "அதுவா? எங்க வீட்டுல காபி கேக்கறதே அந்த சத்தத்துலதான்" என்றார். "அந்த நாப்பது பக்கத்த தூக்கிப் போட்டுடாத. முழு ஆய்வுன்னு வந்தா அதுதான் பேசும்." இவருக்கு நான் என்ன செய்துவிட்டேன், இவ்வளவு பொறுமை காட்ட?

ஜூலை 20
பண்ணைக்குப் போனேன். அண்ணன் ஏதோ மரக்கன்று நட்டுக்கொண்டிருந்தான், வரிசையாக.

"விக்கிற உயரத்துக்கு வர எவ்வளவு நாளாகும்?"

"நாலு வருஷம். மண்ணு பத்தல, அந்த மூட்டைய இழு."

இழுத்தேன்.