நடுப்பக்கத்து அளவு

என்னங்க, நான் தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது.

நாலு மணிக்கு உங்கள் அண்ணன் வருவார். “அவர் போற வரைக்கும் பிள்ளை ரூமுக்குள்ளயே இருக்கட்டும்” என்று நேற்று சொன்னீர்களே, அது நடக்காது. அவருக்குக் கதவைத் திறக்கப்போவதே பிள்ளைதான், நான் தைத்த நீலச் சட்டையில்.

என் அளவு நோட்டில் முன்னாலிருந்து ஆண்கள், பின்னாலிருந்து பெண்கள். “நான் ரெண்டும் இல்லம்மா” என்று பிள்ளை சொன்னதும் நடுப்பக்கத்தைத் திறந்து அளவெழுதினேன். இருபது வருஷத்தில் இப்போதுதான் பிள்ளைக்கு ஒரு சட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் நன்றாகப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ரூம் சாவியைத் தேடாதீர்கள், என் பையில் இருக்கிறது.

பி.கு.: அதே துணியில் உங்களுக்கும் ஒரு சட்டை தைத்துக் கட்டிலில் வைத்திருக்கிறேன். அண்ணன் வருவதற்குள் போட்டுக்கொள்ளுங்கள்.