உன் வாக்கியத்தின் கீழே என் பெயர்

உன் வாக்கியத்தைத் திருடியவள் நான். என் எம்.ஃபில். ஆய்வேட்டின் தொண்ணூற்று இரண்டாம் பக்கத்தில், மேலே எண்ணும் இல்லாமல் கீழே பெயரும் இல்லாமல், என் சொந்த வாக்கியம் போல அது உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை டைப் அடித்தவளும் நீதான்.

இன்று காலை கல்லூரியில் என் மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டின் கையெழுத்துப் பிரதியைத் திருத்தக் கொடுத்தாள். மை வாசம்கூடப் போகவில்லை. நெசவாளர் வீடுகளைப் பற்றிய மூன்றாவது இயலில் உன் வாக்கியம் இருந்தது. மேற்கோள் குறி இட்டு, எண் போட்டு, தாளின் அடியில் கோடு கிழித்து என் பெயர், என் ஆய்வேட்டின் தலைப்பு, பக்கம் 92 என்று எழுதியிருந்தாள். முறைப்படி எழுதிய அடிக்குறிப்பு. ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் பொய். அந்தப் பெண் நேர்மையாக நடந்துகொண்டதால், என் திருட்டு இன்னொரு ஆய்வேட்டிலும் ஏறப் பார்த்தது.

மஞ்சள் காமாலையில் நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உன்னோடு பேச இப்போது இதைவிட்டால் வேறு வழி இல்லை.

பள்ளி இறுதி வரை ஆரணியில் நாம் ஒரே பெஞ்சு. தமிழிலும் கணக்கிலும் நீ என்னை எப்போதும் முந்தினாய். நான் பெரணமல்லூர் பக்கத்துக் கூலிக்காரர் மகள்; விடுதிச் சோறும் உதவித்தொகையும் என்னைக் கல்லூரிக்குள் தள்ளிவிட்டன. தறிக்கார வீட்டுப் பெண்ணான உன்னை டைப் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். அதை உன் தலையெழுத்து என்று சொன்னவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. இரண்டு தம்பிகள் படிக்க வேண்டும் என்று ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தினார்கள். இதில் தலையெழுத்து எங்கே வந்தது?

ஆரணிப் பட்டு நெசவாளர் வாழ்நிலை பற்றி நான் ஆய்வேடு எழுதியபோது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் இருந்த இன்ஸ்டிடியூட்டில் நீ தமிழ் மெஷினில் ஜாப் டைப்பிங் செய்துகொண்டிருந்தாய். சுற்றுவட்டாரத்தில் யார் ஆய்வேடு எழுதினாலும் உன்னிடம்தான் வருவார்கள். முதல் இயல் பிரச்சினையில்லாமல் போயிற்று. இரண்டாவது இயலின் நான்காவது பக்கத்தில் உன் கை நின்றது.

"இன்னாடி இது? இந்த பாராவ நான் ஏற்கெனவே அடிச்சிகிறேன்."

"எப்ப?"

"போன வருசம் வெம்பாக்கத்துக்காரரு ஒருத்தரு கொண்டாந்தாரு. அதுலயும் இதே பாரா. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தீங்களா?"

நாங்கள் இருவரும் ஒரே நூலகத்தில் ஒரே புத்தகத்தை எடுத்திருக்கிறோம், வேறொன்றும் இல்லை. ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் வார்த்தையெல்லாம் மாத்தியிருக்கேன்டி" என்றேன்.

"'பெருகியது'ன்றத 'அதிகரித்தது'ன்னு மாத்தினுகிற. வேற இன்னா மாத்தின? மொதல்ல இன்னா சொல்றது, அப்பால இன்னா, கடைசில இன்னான்றது அப்டியே கீது. நீ மறந்துட்டாலும் என் வெரலு மறக்காது."

"உன் வேல டைப் அடிக்கறது. அதப் பாரு."

"சரிங்க மேடம்" என்றாய். உடனே தாளை உருவி எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் எனக்கு மூஞ்சி எரிந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எனக்குப் புரிந்ததை மட்டும் எழுதினேன். புத்தகக்காரர் சொன்ன இடத்திலெல்லாம் எண் போட்டு அவர் பெயரைக் கீழே எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான் என்பதும் தெரிந்தது. அதையும் சொன்னேன். "கொஞ்சமா இருந்தாலும் உன்னுது" என்றாய்.

அடிக்குறிப்பு என்றால் டைப்பிஸ்டுக்குத்தான் பேஜார். உருளையை அரைப் பல் திருப்பி எண்ணை மேலே ஏற்ற வேண்டும். தாளின் அடியில் எத்தனை வரி விடுவது என்று முன்னாலேயே கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு வரி தப்பினால் மூன்று கார்பன் காப்பியோடு அந்தப் பக்கம் முழுவதும் வீண். அப்படியிருந்தும் அடிக்குறிப்பு வேண்டும் என்று அடம் பிடித்தவள் நீ.

மூன்றாவது இயலில் இன்னும் பெரிய சண்டை. கொசப்பாளையத்தில் உன் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் பாவு நீட்டுபவர்; தறியில் ஏற்றும் நூலைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டும் வேலை. "தெருவுல பாவு நீட்ட முடியாத மழ நாள்ல தறியும் தூங்குது, அடுப்பும் தூங்குது" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதை நான் பதவிசான தமிழில் என் வாக்கியமாக எழுதி வைத்திருந்தேன்.

"இங்க நம்பர காணமே" என்றாய்.

"எதுக்கு நம்பரு?"

"கன்னியம்மாக்கா சொன்னதுக்கு."

"அது தரவுடி. களத்துல எடுத்தது."

"களமா? அவங்க வாசல்ல குந்திகினு, அவங்க போட்ட டீய குடிச்சிகினு எழுதினு போன. புக்கு போட்டவரு சொன்னா பேரு, ஊரு, பக்கம். கன்னியம்மாக்கா சொன்னா தரவா?"

என் காகிதக் கட்டை மேசையில் போட்டாய். "பேரு போட்டு கொண்டா. அடிக்கறேன். இல்லன்னா வேற ஆள பாரு."

வேறு ஆளைப் பார்க்க எனக்கு நேரம் இல்லை. ஆய்வேட்டை ஒப்படைக்க ஆறு நாள்தான் இருந்தது. உன்னைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறி நெறியாளரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அடிக்குறிப்பு நூலுக்குத்தாம்மா. படிக்காதவங்க பேரையெல்லாம் போட்டா ஆய்வேடு வாக்காளர் பட்டியல் மாதிரி ஆயிடும்."

எங்கள் குடும்பத்தார் பெயர் வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெதிலும் அச்சானதில்லை, ஆய்வேடும் அப்படி ஆனால்தான் என்ன என்றேன். அவர் உட்காரச் சொல்லவில்லை, நான் நின்றபடியே ஒரு மணி நேரம் வாதாடினேன். என் தொல்லை தாங்காமல் கடைசியில் கையெழுத்துப் போட்டார். ஒரு நிபந்தனை வைத்தார்: பெயர் போடுவதற்கு முன் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். அது நியாயம்.

நீயும் நானும் போய்க் கேட்டோம். உங்களுக்கு வேலை கொடுக்கும் முதலாளி படித்தால் வம்பு வருமா என்றேன். கன்னியம்மாள் கை வேலையை நிறுத்தாமலே சொன்னார்: "அவரா? பேப்பர்ல சினிமா வெளம்பரத்த தாண்டி அவரு படிச்சத நான் பாத்ததே இல்ல. போடு. பேர முழுசா போடு." திரும்பி வரும்போது வழியெல்லாம் நாம் சிரித்தோம். அந்த வாரத்தைப் போல ஒரு நல்ல வாரம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

அதற்கு மறுநாள் மதியம்தான் நான் திருடினேன். கரண்ட் போய், ஃபேன் நின்று, மாடி கொதித்தது. நீ தயிர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். பழைய மெஷின் ஒன்று வாங்கி வீட்டிலேயே அடிக்கலாமே, இங்கே ஏன் வேகிறாய் என்று கேட்டேன். ஊறுகாயை நக்கிக்கொண்டே சொன்னாய்: "எங்க வெக்கிறது? வீடு தறியோடது. நாங்க மிச்ச எடத்துல குடி இருக்கறோம்."

அன்று மாலையே முடிவுரை எழுதினேன். 'ஆரணி நெசவாளர் இல்லத்தில் தறியே உரிமையாளர். மனிதர் எஞ்சிய இடத்தில் குடியிருப்போர்.' எழுதிவிட்டு நாலு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன். உன் பேச்சை அச்சுத் தமிழாக்கியதால் அது என்னுடையதாகிவிட்டது என்று நினைத்தேன். 'பெருகியது' 'அதிகரித்தது' வேலையேதான். மூன்று வாரத்துக்கு முன் நீ பிடித்த அதே வேலை. கன்னியம்மாள் பெயருக்காக ஒரு மணி நேரம் நின்ற கால் இது. உன் பெயர் அந்தக் கணத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. நீ சிநேகிதி, சிநேகிதி சொன்னதற்கு யார் எண் போடுவார்கள் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் அந்த வரியை உரக்கப் படித்தார். "இது ஒன்றே போதும்மா" என்றார். நான் தலையை ஆட்டினேன். உனக்கு அல்வா வாங்கி வந்து அவர் பாராட்டியதைச் சொன்னேன். எந்த வரியை என்று சொல்லவில்லை.

திருட்டுக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. மாணவிகள் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் "இது யாரு சொன்னது?" என்று கேட்பேன். முதுகுக்குப் பின்னால் என்னை 'யாரு சொன்னது மேடம்' என்று கூப்பிடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கேள்வி எனக்கு யாரிடமிருந்து வந்தது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மட்டும் திருடவில்லை.

இன்று அந்த மாணவியை உட்கார வைத்தேன். "இந்த வரி என்னுது இல்லம்மா. என் பேர அடிச்சிடு."

"அப்ப யாரோடது மேடம்?"

சொன்னேன்.

"ஆனா உங்க ஆய்வேட்டுல அப்படி இல்லியே."

"இல்ல. நான் திருடிட்டேன்."

அவள் பேனாவை மூடினாள், திறந்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என் பெயரின் மேல் கோடு கிழித்து உன் பெயரை எழுதினாள். முன்னெழுத்துக்கு உன் அம்மாவின் எழுத்தையும் சேர்க்கச் சொன்னேன், அந்தத் தறிக்குப் பாவு நீட்டியது அவரும்தானே. தட்டச்சர், ஆரணி, நேர்ப்பேச்சு. அதன் கீழே இன்னொரு வரியையும் என் பெயரோடு நானே சொல்லி எழுத வைத்தேன்: இக்கூற்றை இன்னார் தம் ஆய்வேட்டில் பெயர் சுட்டாமல் எடுத்துக்கொண்டார். பல்கலைக்கழக நூலகத்துக்கும் எழுதிவிட்டேன், என் பிரதியில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டச் சொல்லி. ஒட்டுவார்களோ மாட்டார்களோ, ஒட்டும்வரை எழுதிக்கொண்டிருப்பேன். நேற்றுவரை இல்லாத ஒரு நிம்மதி இன்று இருக்கிறது.

எழுதி முடித்ததும் அந்தப் பெண் கேட்டாள்: "அவங்க அப்பவே கேக்கலியா மேடம்?"

அதை நான் உன்னிடம்தான் கேட்க வேண்டும். நீ அந்தப் பக்கத்தை அடித்தபோது நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்து பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நீ கவனிக்கவில்லை என்று நம்ப நான் முட்டாள் இல்லை. கன்னியம்மாளுக்காக என் காகிதத்தைத் தூக்கிப் போட்டவளே, உனக்காக ஏன் போடவில்லை? சிநேகிதி என்று விட்டுவிட்டாயா? உன் பெயரும் அங்கே வரலாம் என்று உனக்கே தோன்றவில்லையா? இல்லை, நானாக வந்து சொல்வேன் என்று இத்தனை வருடமும் காத்திருந்தாயா?

வாயைத் திறந்து சொல்லுடி.