பதிவுப் புத்தகத்தில் என் பெயர்

மச்சான்,

நேற்று அஸர் தொழுகை முடிந்து கல்முனை பஸார் பக்கம் போனேன். என் பழைய கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். என் போனைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றபோது, சோல்டரிங் அயனில் ஈயம் உருகும் புகை மணம் வந்தது. "என்ன ஹாஜியார், தலை சுத்துதா?" என்று கடைக்காரர் கேட்கும்வரை அப்படியே நின்றுவிட்டேன். இந்த மணத்துக்குள் நீயும் நானும் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இருந்திருப்போம்! நீ போய்விட்டாய் என்று உன் மகள் டெலிபோனில் சொல்லி இரண்டு மாதமாகிறது. அன்றிலிருந்து எழுத நினைத்ததை இன்றுதான் எழுதுகிறேன்.

நான் ரேடியோ திருத்துகிறவன். நீ பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வந்து தபால் கந்தோரில் தந்தி அடிக்கிறவன். உன் ரேடியோவை எடுத்துப்போக வந்த அன்று, சோதித்துப் பார்க்க நான் சிற்றலையைத் திருப்பினேன். நடுவே கீச் கீச்சென்று ஒரு சத்தம். எனக்கு அது இரைச்சல், உனக்கு அது நீ தந்தியில் அடிக்கிற அதே மோர்ஸ் குறி. நீ கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்தாய்.

"இது கப்பல்காரன் இல்ல. ஆரோ ஒருத்தன் வீட்டில இரிந்து சும்மா ஆசைக்கு அனுப்புறான். கால் வலி எண்டு சொல்றான்."

எங்கோ கடலுக்கு அப்பால் ஒருவனுக்குக் கால் வலிப்பது என் கடைக்குள் கேட்டது. அந்த ஆசை அன்றே நம்மைப் பிடித்துக்கொண்டது.

சோதனை எழுதி உரிமம் எடுத்தால் நாமும் அனுப்பலாம் என்று நீதான் விசாரித்து வந்தாய். வானொலிக் கழகம் தொடங்கினோம். ஐந்து பேர். பெயர்ப் பலகை மாட்டிய மறுமாதமே மூன்று பேர் கழன்றுவிட்டார்கள். மிஞ்சிய நாம் ஒருவருக்கொருவர் வாத்தியாரானோம். மின்சுற்று உனக்கு நான் சொல்லித்தந்தேன், மோர்ஸ் எனக்கு நீ. உனக்குச் சுற்று ஏறியது. எனக்கு மோர்ஸ் ஏறவே இல்லை. கடைக்குப் பின்னால்தானே வீடு. நீ மேசையில் தட்டுவாய், நான் விழிப்பேன், அடுப்படியிலிருந்து என் பெண்சாதி, "அது எஃப் இல்ல, எல்!" என்று கத்துவாள். எட்டாம் வகுப்போடு நின்றவள், மீன் கழுவிக்கொண்டே படித்துவிட்டாள். "கழகத்தில உறுப்பினர் ரெண்டரை" என்று நீ சிரிப்பாய்.

கொழும்பில் சோதனைக்கு இருந்தோம். நீ தேறினாய். நான் மோர்ஸில் விழுந்தேன். அனுப்பும் பெட்டியை நான்கு மாதம் உட்கார்ந்து செய்தவன் நான், உரிமம் உன் பெயரில். அந்தப் பெட்டிக்குப் பேச வராது, தட்டத்தான் வரும். தட்டும் கட்டையில் என் விரல் பட நீ விடவில்லை.

"லைசன்ஸ் எடுத்துப்போட்டுத் தொடு. அதுவரைக்கும் கேட்டுக்கொண்டு இரி."

எனக்குக் கோபம்தான். ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு எழுபத்தெட்டில் அந்தப் புயல் வந்தது. விடிந்தபோது தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. என் கடைக்கூரை பாதி இல்லை. பெட்டி மட்டும் மரப்பெட்டகத்துக்குள் ஈரம் படாமல் இருந்தது. விழுந்த மரங்களில் ஏறி இறங்கிப் பாண்டிருப்பிலிருந்து நடந்தே வந்தாய். உன் வலது கையைக் கிழித்த சாரத்துணியால் சுற்றிக் கட்டியிருந்தாய். ஓடு விழுந்து மூன்று விரல் நசுங்கியிருந்தது. "தந்திக் கம்பி முழுக்க அறுந்து கிடக்கு. பெட்டி இரிக்கா?" இதுதான் நீ கேட்ட முதல் கேள்வி.

உன் பின்னாலேயே ஒரு டாக்டர் வந்தார். ஆஸ்பத்திரியில் காயப்பட்டவர்கள் நிரம்பிவிட்டார்கள், சேலைனும் மருந்தும் முடிகிறது, பாதை இல்லை என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். லொறி பற்றரி ஒன்றைச் சுமந்து வந்து, முறிந்த இரண்டு தென்னைகளுக்கிடையே கம்பி கட்டினோம். நீ இடக்கையால் தட்டிப் பார்த்தாய். அது எழுத்தாக வரவில்லை. என் கையைப் பிடித்துக் கட்டையில் வைத்தாய்.

"மெதுவா. பிழைச்சா திரும்ப அடி. நான் கேட்டு எழுதுறன்."

உலகத்திலேயே மோசமான மோர்ஸை அன்று நான்தான் அனுப்பியிருப்பேன். பகல் ஏறும்வரை ஒருவரும் பதில் தரவில்லை. பிறகு கொழும்பிலிருந்து ஒருவர் பிடித்துக்கொண்டார். மெதுவாக, இன்னும் மெதுவாக என்று என் வேகத்துக்கு அவர் இறங்கி வந்தார். கடைசிச் சொல்லும் போய்ச் சேர்ந்தது என்று நீ சொன்னபோது என் சட்டை நனைந்திருந்தது. மறுநாள் ஹெலிகொப்டரில் மருந்து வந்தது. நம்முடைய செய்தியால்தானா என்று நமக்கு இன்றுவரை தெரியாது.

அன்றே நீ, அனுப்பியதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவுப் புத்தகத்தை எடுத்து, இடக்கையால் கோணல் மாணலாக எழுதினாய். நேரம், செய்தி, அனுப்பியவர்: என் முழுப் பெயர். பக்கத்தில், உரிமம் இல்லாதவர்.

"எழுதாத மச்சான். ஆர் பாக்கப் போறாங்க?"

நீ எழுதி முடித்தாய். எழுதியதோடும் நிற்கவில்லை, உரிமம் தந்த கந்தோருக்கு நீயே ஒரு பிரதியும் அனுப்பினாய். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை உன் உரிமம் நிறுத்தம், பெட்டியை இயக்கக்கூடாது.

நான் உன்னோடு கதைப்பதை விட்டேன். என் உழைப்பைக் கட்டிப்போட்டுவிட்டாய் என்றுதான் நினைத்தேன். என்னைக் குற்றவாளியாக எழுதிக்கொடுத்தவன் என்றும் நினைத்தேன். நீ கடைக்கு வந்தால் ஏதாவது ரேடியோவைக் கழற்றிக்கொண்டு குனிந்திருப்பேன். நீயும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவாய்.

ஒரு நாள் வந்து மேசையில் விரலால் தட்டினாய். ஆறின அந்த மூன்று விரலாலும். டா. டிட். டிட் டா. நான் நிமிரவில்லை. திரும்பவும் தட்டினாய். நான் வாய் திறப்பதற்குள் என் பெண்சாதி இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு கதவடியில் நின்றாள். "கேட்டுட்டும் சும்மா இரிக்கிறீங்களே, அவர் டீ கேக்கிறாரு." உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

அந்தத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டுதான் சொன்னாய்: "உன்னைக் காட்டிக்குடுக்க எழுதல்ல மச்சான். அண்டைக்கு அனுப்பினது நீ. என்ட பேரைப் போட்டிருந்தா அது களவு."

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. குற்றமென்று நான் வாசித்த வரியை நீ எனக்குரிய மரியாதையாக எழுதியிருக்கிறாய்.

அடுத்த சோதனையில் நான் தேறினேன். உன் உரிமமும் திரும்பி வந்தது. சில வருடங்கள் நாம் மாறி மாறித் தட்டினோம். நம் ஊர்ப் பெயரைக் கேட்டு எங்கெங்கோ இருந்தவர்கள், உங்கள் குறி கேட்டது என்று படம் போட்ட அட்டைகள் அனுப்பினார்கள். எண்பதுகளின் நடுவில் சண்டை மூண்டு, உங்கள் தமிழருக்கும் எங்கள் முஸ்லிம்களுக்கும் இடையிலும் நிலைமை கெட்டது. உன் ஊருக்கும் என் ஊருக்கும் இடையிலிருந்த தெருவில் ஆட்கள் நடக்கப் பயந்தார்கள். அனுப்பும் பெட்டிகளை அரசாங்கம் ஒப்படைக்கச் சொன்னது. நாம் இருவரும் ஒரே நாளில், பெட்டியின் ஒரு பக்கத்தை நீயும் மறுபக்கத்தை நானுமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்றாய். அடுத்த வருடம் மாற்றலாகிப் பதுளைக்குப் போனாய். அதன் பிறகு கடிதங்கள் வந்தன, பிறகு குறைந்தன. குறைந்ததில் என் பிழையும் உண்டு. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இப்போது பள்ளிவாசல் நிருவாக சபையில் நான் செயலாளர். சென்ற மாரியில் வெள்ளம் ஊருக்குள் ஏறியபோது, கடலுக்கு நீர் வடிய எந்த இடத்தில் மண்ணை வெட்ட வேண்டும் என்று சரியாகக் காட்டியவர் நம் தெருவைக் கூட்டுகிற தொழிலாளி. கூட்டத்தில் தலைவர், "சபை தீர்மானித்து வெட்டியது எண்டு போடுங்க" என்றார். நான் கூட்டக் குறிப்பேட்டில் அந்தத் தொழிலாளியின் பெயரை எழுதினேன். தலைவருக்கு முகம் சுருங்கியது. நான் அழிக்கவில்லை.

மறுநாள் அந்த மனிதரைக் கூப்பிட்டுப் பக்கத்தைக் காட்டினேன். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு, எழுத்துக்கூட்டித் தன் பெயரை வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார்.